கமெண்டுக்கெல்லாம் பதில் சொன்னவர்

அவரிடம் ஒரு பேச்சுக்குக்கூட எதையும் சொல்லிவிட முடியாது. வாசலில் நின்றபடி "சாப்பிட வாங்களேன் பெரியம்மா" என்று ஒப்புக்குக் கூப்பிட்டால், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்த பிறகு முகத்தில் துளி சங்கடம் இருக்காது. கூப்பிட்டார்கள், வந்தேன், அவ்வளவுதான். எங்களுக்கென்று சுட்டு வைத்த ரொட்டியில் இன்னொரு பங்கு பிரித்தபடி அம்மா என்னை முறைப்பார். கூப்பிட்டது நான்தான்.

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே தொழிலாளர்களுக்கென்று ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் கடைசிக் காம்பரா, ஓர் அறை வீடு, அவருடையது. எனக்கு உறவு கிடையாது. லயத்தில் வளர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் பெரியம்மா, எனக்கும் அப்படித்தான். போன வருஷம் சீனி வருத்தத்தில், அதுதான் சர்க்கரை நோயில், காலமாகிவிட்டார். இதை யாரிடமாவது சொன்னால் உடனே, "அந்த வீடியோவில் பாய் போட்ட அம்மாவா? ஐயோ, மண்சரிவிலா?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மண் சரியவில்லை. இன்றைக்குச் சரியும், நாளைக்குச் சரியும் என்று பயந்துகொண்டே இருந்த அதே காம்பராவில், ஒழுகாத மூலையாகப் பார்த்துப் போட்ட கட்டிலில்தான் போனார். அதற்கு யாரும் வீடியோ எடுக்கவில்லை.

எங்கள் தோட்டத்துச் சாமியாடி ஒருவர் பெரியம்மாவிடம் மாட்டிக்கொண்ட கதை ஊருக்கே தெரியும். திருவிழாவில் அருள் வந்து ஆடியபோது இவருக்குத் திருநீறு போட்டு, "வார வெள்ளிக்குள்ள ஒன் கொறையத் தீத்து வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். எல்லாருக்கும் சொல்வதுதான். வெள்ளிக்கிழமை சாயந்தரம் பெரியம்மா அவர் வேலை செய்யும் இஸ்டோருக்கே, தேயிலைத் தொழிற்சாலைக்கே, போய் நின்றார்.

"சாமி, இன்னைக்கு வெள்ளிங்க."

தலையெல்லாம் தேயிலைத் தூசியோடு வெளியே வந்த மனிதர், "அது நான் சொல்லலீங்க, ஆத்தா சொன்னது" என்று நழுவப் பார்த்தார்.

"அப்ப ஆத்தாகிட்ட கேட்டுச் சொல்லுங்க. அவசரமில்ல, நான் நிக்கிறேன்."

பாவம், அந்த மனிதர் அதற்குப் பிறகு பெரியம்மாவுக்கு மட்டும் வாயைத் திறக்காமல் திருநீறு போடுவார்.

இதைக் கேட்கிறவர்கள் பெரியம்மா குசும்புக்காரி என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லவே இல்லை. அவருக்கு நக்கல் அடிக்கத் தெரியாது. தேர்தல் காலத்தில் ஒரு தலைவர் மேடையில் நெஞ்சில் அடித்துக்கொண்டு, உங்களுக்காக உயிரையே கொடுப்பேன் என்று முழங்கியபோது, முன்வரிசையில் இருந்த பெரியம்மா எழுந்து நின்றார். "உயிரெல்லாம் வேணாங்க தலைவரே. மேல் லயத்துக்கு அந்தத் தண்ணிக் கொழாய மட்டும் போட்டுக் குடுங்க." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெரியம்மா சிரிக்கவில்லை. பதில் வரும் என்று நின்றுகொண்டே இருந்தார். பாட்டுப் போட்டு கூட்டத்தைக் கலைக்கும்வரை நின்றார்.

சொன்னால் செய்வார்கள். செய்யாவிட்டால் மறந்திருப்பார்கள், போய் ஞாபகப்படுத்த வேண்டும். உலகத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வேலையில் இருந்த காலம் முழுக்கக் கொழுந்து பறித்து, கங்காணி சொல்வதையும் தோட்டத்து மேனேஜரான துரை சொல்வதையும் கேட்டுக் கேட்டுக் காலம் தள்ளிய ஒருவருக்கு இது எப்படி மிஞ்சியிருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த வீடியோவும் இப்படித்தான் வந்தது. எங்கள் லயத்துக்குப் பின்னால் செங்குத்தான ஒரு மண்மேடு. பெருமழையில் அதில் வெடிப்பு விட்டுவிட்டது. லயமே கிளம்பித் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் போய் ஒண்டியது. மழை விட்டுச் சில நாளில் ஓர் அதிகாரி லயத்தடிக்கு வந்தார். அவருக்கு இன்னொருவர் குடை பிடித்தார். மேட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை, பள்ளிக்கூடம் தொடங்க வேண்டும், எல்லாரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பலாம் என்றார்.

"பயமில்லைங்களா ஐயா?" என்று கேட்டார் பெரியம்மா.

"இல்லையம்மா. பாதுகாப்பாகத்தான் இருக்கு."

"அப்ப சரிங்க. இன்னைக்கு ராவைக்கு நீங்களும் இங்கயே படுத்துக்கங்க. நீங்க படுத்தீங்கன்னா புள்ளைகளும் பயப்படாம படுக்கும்."

சொன்னதோடு நிற்கவில்லை. காம்பராவுக்குள் போய்ப் புதுப் பாயை எடுத்துவந்து, உதறி, வாசலில் விரித்து, தலையணையைத் தட்டி வைத்தார். அதிகாரி பாயைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். நான் போனில் எடுத்துக்கொண்டிருந்தேன். சாயந்தரம் என் பேஸ்புக்கில் போட்டேன். விடிந்து பார்த்தால் போன் திணறிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மீம் போட்டார்கள், பாட்டுக் கட்டினார்கள். பொய் சொல்லும் ஆட்களுடைய படத்துக்குக் கீழே "பாய் போடவா ஐயா?" என்று எழுதுவது வழக்கமாகிப் போனது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கருத்தரங்கில் பெரியம்மா போட்ட பாயை 'அதிகாரத்துக்கு எதிரான குறியீட்டு எதிர்ப்பு' என்று ஒருவர் விளக்கினார். லீவில் வந்தபோது இதை அவரிடம் சொன்னேன்.

"குறியீடுன்னா?"

"நீங்க நெசமா அவர படுக்கச் சொல்லல. அவரு சொன்னது பொய்யின்னு காட்டத்தான் பாய் போட்டீங்கன்னு சொல்றாங்க பெரியம்மா."

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "யாருடி அப்புடிச் சொன்னது? அவரு பெரிய மனுசன், பயமில்லன்னாரு. படுப்பாருன்னுதான் போட்டேன். ராவுக்குக் கறி வைக்க ஆளைக் கடைக்கு அனுப்புனேன், தெரியுமா?"

சரி, வீடியோ வைரலாகிவிட்டது, சூட்டோடு சூடாக அடுத்த காரியம் பார்க்க வேண்டும் அல்லவா? எங்களுக்குத் தேவையாக இருந்தது ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு மேலே ஏழாம் நம்பர் மலை என்று ஒரு துண்டு நிலம். தேயிலை கிழடு தட்டிப் பறிப்பை நிறுத்திக் காடு பிடித்துக் கிடந்தது. சமதரை, அடியில் பாறை, எந்த மழைக்கும் அசையாது. அதை லயத்துக்காரர்களுக்கு வீடு கட்டக் கொடுத்துவிட்டால் போதும். இதை இரண்டாவது வீடியோவில் பெரியம்மாவைப் பேச வைக்க வேண்டும் என்று நான் துடித்தேன். இணையத்தில் ஒரு விஷயம் சூடாக இருப்பது கொஞ்ச நாள்தான், இதைத்தான் நான் புத்தகம் புத்தகமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா மாட்டேன் என்றுவிட்டார். "மொதல்ல வந்தவங்கள விசாரிச்சு முடிப்போம்."

வந்தவர்கள் என்று அவர் சொன்னது, கமெண்ட் போட்டவர்களை.

தப்பு என்னுடையது அல்ல. முதல் நாள் சும்மா நாலைந்து கமெண்டை வாசித்துக் காட்டினேன், அவ்வளவுதான். 'நாங்கள் உங்களோடு நிற்கிறோம் அம்மா' என்று ஒன்று.

"இது யாரு? எந்தத் தோட்டம்?"

"தெரியாது பெரியம்மா. பிரான்ஸ்ல இருக்காரு போல."

"அப்ப வந்து சேர நாளாகும். சௌகரியம் பாத்து வரச் சொல்லு. வந்தா நம்ம வீட்டுல தங்கலாம்னு எழுது."

எங்கள் லயங்களில் சாவு வீட்டுக்கு ஒருவர் வந்து நின்றால், வீட்டுக்காரர் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் விட்டால் தலைமுறைக்கும் பேச்சு நின்றுவிடும். பெரியம்மா அதே கணக்கில் கமெண்டுகளைப் பிடித்துக்கொண்டார். ஒருவரையும் விடக்கூடாது. நான் லீவில் வரும் நாளெல்லாம் படியில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் பதிலை எழுத வேண்டும். டேட்டா முடிந்தால் சந்தியில் முஸ்லிம் நானா ஒருவரின் கடைக்குப் போய் ரீலோட் போட்டுக்கொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். கும்பிடும் கைப் படம் போட்டிருந்தால் போனைப் பார்த்துத் திருப்பிக் கும்பிடுவார். வெறும் இதயம் போட்டவர்கள் வாயைத் திறக்காமல் தலையாட்டுகிறவர்களாம், கூச்ச சுபாவமாம், அவர்களையும் சாப்பிட்டீர்களா என்று கேட்கச் சொல்வார். காசு வாங்கிக்கொண்டு நடிக்கிறாள் கிழவி என்று ஒருவன் எழுதியிருந்தான். நான் அதைத் தாண்டிப் போகப் பார்த்தேன்.

"என்னா நிறுத்திட்ட? வாசி."

வாசித்தேன். பதிலைச் சொன்னார். "நான் நடிக்கலீங்க தம்பி. இறம்பொடைன்னா போட்டிருக்கு? பக்கந்தானே, பஸ் இருக்கு. ஒருநா வந்து மேட்டைப் பாத்துட்டுப் போங்கன்னு எழுது."

"சும்மா எழுதுறாங்க பெரியம்மா! யாரும் வரமாட்டாங்க! அவங்களுக்குப் பொழுது போகல!"

"சும்மா எதுக்குடி எழுதணும்? அவ்வளவு தூரத்துல இருந்து, முன்னப் பின்ன தெரியாத ஒருத்திக்கு? வேற வேல இல்லையா அவங்களுக்கு?"

எனக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்.

இந்தப் பக்கம் என் ஆய்வு நாசமாகிக்கொண்டிருந்தது. வைரல் காணொளிகளும் இணையவழிச் செயற்பாடும் என்பது தலைப்பு. இந்த வீடியோவின் கீழே உள்ள கமெண்டுகளை அனுதாபம், கோபம், ஆதரவு, ஏளனம் என்று வகை பிரித்து எழுத வேண்டும். என் மேற்பார்வையாளரான மேடம் ஒருநாள் மடிக்கணினியைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"இந்தப் பதில்களை எல்லாம் எழுதுவது யார்? 'சாப்பிட்டீங்களா தம்பி, பிள்ளைகள் சுகமா' என்று?"

"அவர் சொல்கிறார், நான் எழுதுகிறேன் மேடம்."

"நீங்கள் ஆய்வாளரா, பிரசாரகரா? முதலில் முடிவு பண்ணுங்கள். தரவில் பாதி உங்கள் கையெழுத்தாக இருக்கிறது. எழுத வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்."

சொல்லிப் பார்த்தேன். "ஒங்க மேடம் வீட்டுக்கு ஆளு வந்தா அந்தம்மா வாயத் தொறக்க மாட்டாங்களா?" என்று திருப்பிக் கேட்டார். மேடத்திடம் போனால் பெரியம்மாவுக்காகப் பேசினேன், பெரியம்மாவிடம் வந்தால் மேடத்துக்காகப் பேசினேன். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளமாகத்தான் நான் பட்டம் வாங்கினேன். இதில் இன்னொரு கூத்து, அந்தப் பதில்களால்தான் வீடியோ சாகாமல் கிடந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் அது மறுபடி மேலே ஏறி, புதிதாகச் சிலர் பார்த்து, புதிதாக இதயம் போட்டு, பெரியம்மாவுக்குப் புதிதாக விருந்தாளிகள் கிடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில் அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். எங்கள் தோட்டத்தில் கோவில் வேலை, பாதை வெட்டுவது, குழி தோண்டுவது எல்லாவற்றுக்கும் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்பது வழக்கம். கூட நிற்பதாக எழுதியவர்களும் வீட்டுக்கு ஓர் ஆள் வரட்டும், எல்லாருமாகத் துரையின் ஆபீசுக்குப் போய் ஏழாம் நம்பர் மலையைக் கேட்போம் என்றார். என் விரல் தேயத் தேய எல்லாருக்கும் எழுத வைத்தார். 'கட்டாயம் வருகிறோம் அம்மா' என்று நிறையப் பதில் வந்தது. நெருப்பு, முறுக்கிய கை, கொடி என்று படம் படமாக வந்தது. பகிர்ந்தார்கள். எனக்கே ஒரு கணம் ஆசை தட்டியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயமே கல்யாண வீடு போல இருந்தது. வெளியூர்க் கூட்டம் வருகிறதே, பட்டினியாக அனுப்ப முடியுமா? வீட்டுக்கு வீடு அரிசி எடுத்து, அண்டா வைத்துச் சமைத்தார்கள். பெண்கள் பாதிப் பேர் அடுப்படியில், ஆண்கள் பாதிப் பேர் பள்ளிக்கூட மைதானத்தில் வான் நிறுத்த இடம் ஒதுக்கிக்கொண்டு நின்றார்கள். மிச்சப் பேர் லைவ் போடப் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி நின்றார்கள். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. காலை பஸ்ஸில் வந்து இறங்கியது தபால்காரர் மட்டுந்தான். அவர் எங்கள் ஆள், லீவில் வீட்டுக்கு வந்தவர்.

"வழியில பஸ் கிஸ் நின்னுபோச்சோ என்னவோ" என்றார் பெரியம்மா.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "வரமாட்டாங்க பெரியம்மா. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"சரி, வர்றவங்க வரட்டும். தொரையக் காக்க வைக்கக் கூடாது. நாம போவோம்."

போனது அவர், நான், இன்னும் சில பெண்கள். சமையலையும் மைதானத்தையும் விட்டுவிட்டு வர மற்றவர்களுக்கு மனமில்லை, விருந்தாளிகள் வந்து நின்றால் யார் பார்ப்பது? ஆபீஸ் வாசலில் இரண்டு ஜீப் போலீஸ் நின்றது. பேஸ்புக்கைப் பார்த்துவிட்டுப் பெரும் கூட்டம் வருகிறது என்று துரை கூப்பிட்டிருக்கிறார். வந்தது நாங்கள். போலீஸ்காரர்கள் எங்களையும் எங்களுக்குப் பின்னால் இருந்த வெறும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. உட்காரச் சொன்னார், தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். பெரியம்மா நிலத்தைக் கேட்டதும், "நானும் அந்த வீடியோவைப் பார்த்தேன். மேலிடத்தில் பேசியிருக்கிறேன். அடுத்த மழைக்கு முன்னால் அந்த மலைக்கு ஒரு வழி பண்ணிவிடுகிறேன்" என்றார்.

அவ்வளவுதான். பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். இறங்கி வரும்போது நான் கத்தினேன். எழுத்தில் கேளுங்கள், தேதி கேளுங்கள், நாளைக்கே இன்னொரு வீடியோ போடுவோம் என்றேன்.

"தொரை வாயால சொல்லிட்டாரு. அதுக்கு மேல போய் வீடியோ போட்டா, அவரு சொன்னத நாம நம்பலன்னு ஆயிரும். அது மரியாத இல்ல பாப்பா."

அன்று செய்த சோற்றை லயமே இரண்டு நாள் தின்றது. வராதவர்கள் அன்று ராத்திரியே, 'போராட்டம் எப்படி நடந்தது அம்மா?' என்று கேட்டு எழுதினார்கள். பெரியம்மா அவர்களுக்கும் பதில் சொன்னார். துரை வாக்குக் கொடுத்துவிட்டார், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று. அந்தப் பதிலுக்குக் கிடைத்த இதயம் வேறு எதற்கும் கிடைக்கவில்லை. வெற்றி, வெற்றி என்று பகிர்ந்துவிட்டு எல்லாரும் அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார்கள்.

சில மாதத்தில் ஏழாம் நம்பர் மலையில் இயந்திரம் ஏறித் தேயிலையைப் பிடுங்கியது. பெரியம்மா எனக்குப் போன் போட்டார். "பாத்தியா? சொன்னபடி செய்றாரு. நீதான் குதிச்ச." பிறகு மறுபடியும் கூப்பிட்டார். பலகை கொண்டு வந்து இறக்குகிறார்களாம். "நம்ம வீட்டப் பலகையிலயா கட்டுறாங்க? குளிராதா பாப்பா?" விசாரித்தேன். சுற்றுலாப் பயணிகள் தங்க மரவீடுகள். நிலத்தை வெளியார் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். அந்த மலைக்கு ஒரு வழி பண்ணிவிட்டார் துரை.

நான் சொன்னதை அவர் நம்பவில்லை. கடைசியில் துரையைப் பார்க்க ஆபீசுக்கே போனாராம். அந்தத் துரை வேறு தோட்டத்துக்கு மாறிப் போயிருந்தார். புதுத் துரைக்கு ஒன்றும் தெரியாது. "பாவம், போற அவசரத்துல சொல்லிட்டுப் போக மறந்திருப்பாரு" என்றார் பெரியம்மா. இதைச் சொன்னபோது நான் போனைக் கட் பண்ணிவிட்டேன்.

மரவீடுகள் கட்டி முடிந்ததும் அவற்றுக்கும் ஒரு வீடியோ வந்தது. பனி, மலை, கண்ணாடிக் கதவு, கையில் தேநீர்க் கோப்பையோடு ஒரு பெண். அதுவும் வைரல்தான். கீழே அதே இதயங்கள். 'கட்டாயம் வருகிறோம்' என்று அதே வார்த்தை. ஒரு வித்தியாசம், இவர்கள் வந்தார்கள். சனி ஞாயிறு ஆனால் எங்கள் ஒற்றைப் பாதையில் வான் மேல் வான். வழி கேட்க எங்கள் லயத்தடியில்தான் நிறுத்துவார்கள். பெரியம்மா எல்லாருக்கும் நின்று நிதானமாக வழி சொல்வார். "பாரு, எழுதுனவங்க எல்லாம் வர்றாங்க. நீதான் யாரும் வரமாட்டாங்கன்னு சொல்லுவ" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

ஒரு சனிக்கிழமை, நான் வந்திருந்த அன்று, நானும் அவரும் விறகோடு பாதையில் வந்துகொண்டிருந்தோம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு வான் எங்களைத் தாண்டிப் போய் நின்றது. கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்த இளம் பெண், வழி கேட்க வாயைத் திறந்தவள், அப்படியே கூவினாள்.

"அம்மா! நீங்க அந்த வீடியோ அம்மாதானே? நான் கமெண்ட்கூடப் போட்டேன். நீங்க எனக்குப் பதில் எழுதியிருந்தீங்க!"

பெரியம்மா விறகைத் தொப்பென்று போட்டார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "வந்துட்டீங்களா! எத்தன நாளா... வாங்க, வாங்க. அந்தா லயம். மேட்டைக் காட்டுறேன், ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டு..."

அந்தப் பெண் இறங்கி வந்து பெரியம்மாவின் தோளில் கைபோட்டு ஒரு படம் எடுத்தாள். நல்ல பிள்ளைதான், கெட்டவள் என்று சொல்லமாட்டேன். "பேக் எல்லாம் வச்சிட்டு இப்பவே எறங்கி வர்றோம்மா. கட்டாயம் வர்றோம்" என்றாள். வான் மேலே ஏறிப் போனது.

பெரியம்மா வீட்டைக் கூட்டினார். பக்கத்து வீட்டில் நல்ல கோப்பைகள் இரவல் வாங்கினார். வாசலில் நாற்காலி போட்டார். தேத்தண்ணி போட்டு, ஆறி, மறுபடி சூடாக்கினார். நான் கதவோரம் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தேன். பேசினால் கத்திவிடுவேன் என்று தெரியும். தூறல் விழுந்தது, நாற்காலியை உள்ளே எடுத்து வைத்தார். தூறல் மழையானது. அந்த நேரம் என் போன் சிணுங்கியது. அந்தப் பெண் படத்தைப் போட்டு, என் பேஸ்புக்கையும் இணைத்திருந்தாள்.

"என்னா போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா."

"வாசி."

வாசித்தேன். 'கடைசியில் அம்மாவை நேரில் சந்தித்துவிட்டோம். என்றும் உங்களோடு நிற்போம்.' கீழே அதற்குள் இதயங்கள் குவிந்திருந்தன.

பெரியம்மா அடுப்படிப் பக்கம் பார்த்தபடி இருந்தார். "சந்திச்சாச்சுன்னா போட்டிருக்கு?"

"ஆமா."

"அப்ப வரமாட்டாங்க."

வழக்கம்போலப் பதிலை எழுத நான் விரலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் தலையை அசைத்தார். "வேணாம் பாப்பா. இனிமே யாருக்கும் ஒண்ணும் எழுதாத." இதைச் சொல்ல மாட்டாரா என்று எத்தனை நாள் அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். சொன்னபோது, ஐயோ, அந்தப் பழைய பெரியம்மாவாகவே இருந்து தொலையக் கூடாதா என்று இருந்தது.

மழை வலுத்தது. லயத்தில் எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்கள். மழைக்காலத்தில் எங்களுக்கு இது பழகிப் போன ஒன்று, யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. பெரியம்மா நெருப்பை அணைத்து, கதவைப் பூட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மண்டபத்துப் படியில் நின்று தலையைத் துவட்டும்போது இருட்டிக்கொண்டு வந்தது. எதிரே மேலே, ஏழாம் நம்பர் மலையில், மரவீடுகளில் வரிசையாக விளக்கு எரிந்தது. உள்ளே ஆட்கள் நடமாடுவதுகூடத் தெரிந்தது. என் வாயில் வந்த கெட்ட வார்த்தையை நான் விழுங்கினேன்.

பெரியம்மாவும் அந்த விளக்குகளைப் பார்த்தார்.

"நல்ல எடம் பாப்பா. எவ்வளவு மழ பேஞ்சாலும் அவங்களுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். "அதத்தானே நாம கேட்டோம்."